கையெழுத்திடாதவர்கள்

இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு நிலையான மனம் கிடையாது என்றொரு கருத்து நம் நண்பர்கள் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. வென்றால் தோளில் தூக்கிவைப்பார்கள், தோற்றால் அதே தோளிலிருந்து உதறிவிடுவார்கள் என்கிறார்கள். இதற்குச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது இகோர் ஸ்டிமாச்சின் கதை. 2023 அக்டோபரில், இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரான அவருடைய ஒப்பந்தத்தை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2026 வரை நீட்டித்தது. அன்று மகிழ்ந்தவர்களில் பலரே, 2024 ஜூன் 17 அன்று அவர் நீக்கப்பட்டபோது 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டார்கள். இடையில் கழிந்தவை எட்டு மாதங்கள். ரசிகர்களின் நன்றிகெட்டதனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று என் சக பேராசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கிரிக்கெட் பார்ப்பவர். அதனால் மன்னித்துவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்த மகிழ்ச்சிக்கு என்ன அடிப்படை இருந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்டிமாச் யாரோ ஒருவர் அல்லர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியின் தற்காப்பாட்டக்காரர். பின்னர் அந்நாட்டு அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர். 2019 மே மாதம் இந்தியாவுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தோகாவில், ஆசியக் கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த கத்தார் அணியை இந்தியா கோல் எதுவும் விடாமல் சமன் செய்தது. அந்த இரவைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதன்பின் வறட்சியான சில ஆண்டுகள். பிறகு 2023 வந்தது. மார்ச்சில் இம்பாலில் முத்தரப்புப் போட்டி, ஜூனில் புவனேசுவரத்தில் கண்டங்களிடைக் கோப்பை, ஜூலை 4 அன்று பெங்களூரில் தெற்காசியக் கோப்பை என்று ஒரே ஆண்டில் மூன்று கோப்பைகள் கிடைத்தன. உலகத் தரவரிசையில் இந்தியா நூறுக்குள் நுழைந்து 99ஆம் இடத்தில் நின்றது. பெங்களூர்ப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே பந்தைப் பிடித்து இழுத்து அவர் சிவப்பு அட்டை வாங்கினார். அடுத்த சில நாட்களில் குவைத் ஆட்டத்திலும் வாங்கினார். பயிற்சியாளருக்கு அது பெருமையான காரியமன்று. ஆனால் நமக்காக ஒருவர் சண்டைக்குப் போகிறார் என்ற எண்ணம் ரசிகர்களிடம் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பது, ஊர்த் திருவிழாவில் கபடி பார்த்து வளர்ந்த எவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த ஆண்டுக்கு இன்னொரு நிறமும் இருந்தது. புதுக்கோட்டை வாடிவாசல்களின் மாவட்டம். இங்கே கூட்டம் கூடுவது காளைக்கும் கபடிக்கும்தான். கால்பந்து பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் பார்க்கப்படுகிறது. இருந்தும், மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வருகிற கண்டனூரிலிருந்து சிவசக்தி நாராயணன் என்ற இளைஞர் கிளம்பிப் போய், பெங்களூரு அணிக்காக 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். காரைக்குடி, புதுக்கோட்டை வட்டாரத்துப் பையன்களுக்கு இந்திய அணி என்பது அதன்பின் வங்காளத்துக்கும் மணிப்பூருக்கும் கோவாவுக்கும் மட்டும் உரிய தொலைதூரப் பொருளாக இல்லை. ஒரு பயிற்சியாளர் மூன்றாண்டு இருக்கப்போகிறார் என்றால், இன்று பதினேழு வயதில் இருக்கும் ஒருவனை அவர் பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது என்று பொருள். என் வகுப்பு மாணவர்கள் அந்த நீட்டிப்பை இப்படித்தான் வாசித்தார்கள். அவர்கள் கொண்டாடியதும் கிடைத்த கோப்பைகளை விட, கையில் வந்ததாக நினைத்த அந்தக் கால அவகாசத்தையே.

இடையில் ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலேயர்கள் பயிற்சியாளரை 'மேனேஜர்' என்கிறார்கள். நம் செய்தித்தாள்கள் இதை அப்படியே 'மேலாளர்' என்று பெயர்த்துவிடும்போது, எனக்கு வங்கியில் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் மனிதரின் முகம்தான் வருகிறது. இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குக் காரணம் இருந்தது. அங்கே பழைய மரபில் அவர் பயிற்சி மட்டும் அளிப்பவரல்லர். ஆட்டக்காரரை வாங்குவதும் விற்பதும் இளைஞர் அணியை வளர்ப்பதும் அவர் கையில் இருந்தன. நாட்டு அணியின் பயிற்சியாளருக்கு வாங்க முடியாது, விற்க முடியாது. மற்றவர்கள் வளர்த்த பிள்ளைகளைச் சில வாரங்களுக்குக் கடன் வாங்கி ஆடவிட்டுத் திருப்பித் தர வேண்டும். எனவே அவருக்கு நீண்ட காலம் கொடுப்பதென்றால், அந்தக் காலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை வேறு யாரோ ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஸ்டிமாச்சின் முந்தைய ஒப்பந்தம் ஆசியக் கோப்பை வரைக்குமானது. அந்தப் போட்டி 2024 ஜனவரியில் கத்தாரில் நடக்கவிருந்தது. அதாவது, தேர்வுக்கு மூன்று மாதம் முன்பாகவே தேர்ச்சிச் சான்றிதழ் எழுதித் தரப்பட்டது. பெரிய போட்டிக்கு முன்னால் பயிற்சியாளரின் எதிர்காலம் ஊசலாடக்கூடாது, அணி குழம்பும் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. பொருட்படுத்த வேண்டிய நியாயம்தான். நவம்பர் 16 அன்று குவைத்தில் போய், மன்வீர் சிங் அடித்த ஒரே கோலால் இந்தியா வென்றபோது அது சரியென்றே தோன்றியது. ஆனால் ஜனவரியில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோலும் இல்லை. மார்ச் 26 அன்று குவாஹாத்தியில், சுனில் சேத்ரியின் 150ஆவது ஆட்டத்தில், சேத்ரியே கோல் அடித்து முன்னிலை தந்த பிறகும் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோல்வி. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றுக்கு இந்தியாவைக் கொண்டுசெல்லாவிட்டால் தாமே விலகிவிடுவதாக ஸ்டிமாச் அந்த மாதம் சொல்லியிருந்தார். ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் சேத்ரி விடைபெற்ற ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஜூன் 11 அன்று தோகாவில் முன்னிலையில் இருந்த இந்தியா, பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனபின் உள்ளே இழுக்கப்பட்டு அடிக்கப்பட்ட ஒரு கோலை நடுவர் ஏற்றுக்கொண்டதால் நிலைகுலைந்து 1-2 என்று தோற்றது. அந்தக் கோல் அநியாயம். அதில் ஐயமில்லை. ஆனால் ஆப்கானிஸ்தானை வென்றிருந்தால் அந்தக் கோலை நம்பியிருக்க வேண்டிய நிலை வந்திருக்காது.

அவர் விலகவில்லை; நீக்கப்பட்டார். மூன்று மாதச் சம்பளம் தருவதாகக் கூட்டமைப்பு சொன்னது. மீதமுள்ள காலம் முழுவதற்கும் வேண்டும் என்றார் அவர். ஒப்பந்தம் எழுதப்பட்ட விதத்தைப் பற்றிக் கூட்டமைப்புக்குள்ளேயே ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டார்கள். இறுதியில் நான்கு லட்சம் டாலர், ஏறக்குறைய 3.36 கோடி ரூபாய், கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ், கோவா அணியின் பயிற்சியாளராக இருந்துகொண்டே நாட்டு அணியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஒரு முழுநேரப் பணியிடத்தைக் கூடுதல் பொறுப்பில் விடுவது நமக்கு அரசு அலுவலகங்களில் பழகிய ஏற்பாடுதான். ஓராண்டில் அவரும் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார்.

இப்போது என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் இரண்டு தவறுகளை அடுத்தடுத்து வைக்கிறார். ஒருவரை ஆராயாமல் நம்பிவிடுவது ஒன்று. ஆராய்ந்து நம்பிய பிறகு அவர்மீது ஐயம் கொள்வது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் நம் ரசிகர்கள் இரண்டையும் செய்தவர்கள்போலத் தோன்றும். அக்டோபரில் முதலாவது, ஜூனில் இரண்டாவது. ஆனால் அந்த அதிகாரம் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அது பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. யாரைப் பணியில் அமர்த்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவனுக்குச் சொல்லப்பட்டது. ரசிகனுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆராய்வதற்கு வேண்டிய தரவுகளும் அவன் கையில் இல்லை. பயிற்சி முகாமுக்கு எத்தனை நாள் கேட்கப்பட்டது, எத்தனை நாள் கிடைத்தது, ஒப்பந்தத்தில் இலக்கு என்று ஏதாவது எழுதப்பட்டதா, பிரிவதற்கு என்ன விதி என்பதெல்லாம் அவனுக்குச் சொல்லப்படுவதில்லை. அவனுக்குக் கொடுக்கப்படுவது ஒரு புகைப்படம்: பயிற்சியாளர் பேனாவைப் பிடித்தபடி சிரிக்கிறார், பின்னால் சின்னம். அதைப் பார்த்து நம்புவது ஒன்றுதான் அவன் செய்யக்கூடியது. நம்பியது பொய்த்தபோது கோபப்படுவது அவனுக்கு மிஞ்சிய இரண்டாவது காரியம். இரண்டையும் அவன் ஒழுங்காகவே செய்தான். ஆராய வேண்டியவர்கள் ஆராயவில்லை என்பதற்கு அவனை நிலையற்றவன் என்பது, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்காத பெரியவர்கள் மணப்பெண்ணின் ராசியைக் குறைசொல்வதற்கு ஒப்பானது.

இந்த மோகமும் ஏமாற்றமும் நம் நாட்டுக்கே உரியவை என்று நினைக்க வேண்டியதில்லை. கால்பந்தை நமக்குக் கொடுத்த நாட்டிலேயே இது ஒரு பெரிய நாடகம். அதன் உச்சக் காட்சி 2017 மார்ச் 18 அன்று அரங்கேறியது. ஆர்சனல் அணி வெஸ்ட் பிராம் ஊரில் ஆடிக்கொண்டிருக்கிறது. பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் 1996இலிருந்து அங்கே இருப்பவர். 2003-04இல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றவர். அவருடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நீட்டிப்பதா, விடுவதா என்று தெரியவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தின் மேலே ஒரு சிறு விமானம், ஒப்பந்தம் வேண்டாம், வெங்கர் வெளியேறட்டும் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு வட்டமிட்டது. பிறகு இன்னொரு விமானம், ஆர்சனை நம்புகிறோம் என்ற வாசகத்தோடு வந்தது. இரண்டையும் வாடகைக்கு அமர்த்தியவர்கள் ஒரே அணியின் ரசிகர்கள். கீழே ஆர்சனல் 1-3 என்று தோற்றது.

எனக்கு அந்த இரண்டு விமானங்கள்மீது மிகுந்த மரியாதை உண்டு. பார்த்தவர்கள் பலர் அதைக் கேலி செய்தார்கள். பணக்கார நாட்டின் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உரிமை அந்த ரசிகர்களுக்கு இல்லை. பங்குதாரர்கள் கூட்டத்தில் குரல் இல்லை. ஆண்டுச்சீட்டுக்குப் பணம் கட்டும் உரிமை மட்டும் உண்டு. பேச இடமில்லாதவர்கள் வானத்தில் பேசினார்கள். அந்த மே மாதம் கூட்டமைப்புக் கோப்பையை வெங்கர் வென்றார்; அடுத்த சில நாட்களில் இரண்டாண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அதில் ஓராண்டைத்தான் அவரால் முடிக்க முடிந்தது. 2018 ஏப்ரலில் விலகலை அறிவித்தார். கடைசி வாரங்களில் எதிர்த்தவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதையும் நிலையற்ற மனம் என்று சொல்பவர்கள் இருக்கலாம். இருபத்திரண்டு ஆண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும் ஒருவரை வாசல்வரை வந்து வழியனுப்புவதற்கு அவர் நல்ல குடித்தனக்காரராக இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வெங்கராவது இரண்டாண்டு வாங்கினார். நியூகாசில் அணி 2012 செப்டம்பரில் ஆலன் பார்டியூவுக்கு எட்டாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் ஐந்தாம் இடம் பிடித்திருந்தார். எட்டாண்டு! நம்மூரில் வீட்டுக் கடன் தவணையைத் தவிர வேறு எதற்கும் அவ்வளவு துணிவாக யாரும் கையெழுத்திடுவதில்லை. இரண்டாண்டு கழித்து, 2014 செப்டம்பரில், அவரை நீக்கச் சொல்லும் தாள்களைத் தூக்கிப்பிடித்து நின்றது அதே மைதானம். ஆனாலும் அணி அவரை நீக்கவில்லை. 2015 தொடக்கத்தில் கிரிஸ்டல் பேலஸ் அணி அவரைக் கேட்டு வந்தது. இழப்பீடு கொடுத்து அழைத்துக்கொண்டு போனது.

இந்த இடத்தில்தான் ரசிகர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாத ஒரு உண்மை இருக்கிறது. நீண்ட கால ஒப்பந்தம் என்பது பயிற்சியாளர் அத்தனை ஆண்டும் இருப்பார் என்ற வாக்குறுதியாக நமக்கு விற்கப்படுகிறது. அது உண்மையில் பிரிவின் விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் பத்திரம். வேறு அணி அவரைக் கொத்திக்கொண்டு போனால் நமக்குப் பணம் கிடைக்கும். நாம் துரத்தினால் அவருக்குப் பணம் கிடைக்கும். கூடவே இன்னொரு பயனும் உண்டு. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் பயிற்சியாளரின் சொல்லை உடைமாற்றும் அறையில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. போகப்போகிறவர்தானே என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஓய்வுபெறப் போகும் முதல்வரின் சுற்றறிக்கையைப் படிப்பவர் எத்தனை பேர்? நீட்டிப்பு அந்த அதிகாரத்தைப் புதுப்பிக்கிறது. இவையெல்லாம் நியாயமான நிர்வாகக் காரணங்கள். ஆனால் அறிவிப்பில் எழுதப்படுவது இவையல்ல. 'நம்பிக்கை', 'குடும்பம்', 'நீண்ட பயணம்' என்ற சொற்கள்தாம். கணக்கர்களுக்குள் முடிந்த ஓர் ஏற்பாட்டைத் திருமண அழைப்பிதழின் மொழியில் அச்சடித்து அனுப்புகிறார்கள். வந்தவர்கள் பந்தியில் உட்காரத்தானே செய்வார்கள்!

மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலை 4 அன்று எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. அக்டோபர் 28 அன்று நீக்கியது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் கல்லூரியில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரியும் மாணவர்கள் அந்த ஜூலையில் வைத்திருந்த நம்பிக்கையை நான் கண்ணால் பார்த்தேன். அதே நகரத்தின் மற்றோர் அணி, தொடர் தோல்விகளுக்கு நடுவில், நவம்பர் 21 அன்று பெப் குவார்டியோலாவின் ஒப்பந்தத்தை 2027 வரை நீட்டித்தது. இரண்டு நாள் கழித்துச் சொந்த மைதானத்திலேயே டாட்டன்ஹாமிடம் 0-4 என்று தோற்றது. இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடாது. முன்னது கோடைகாலம் முழுக்க மாற்று ஆளைத் தேடிவிட்டு, கிடைக்காததால் கொடுத்த நீட்டிப்பு. பின்னது, தோற்றுக்கொண்டிருப்பவர்மீது பழைய கணக்கைப் பார்த்து வைத்த நம்பிக்கை. எனக்கு இரண்டாவது வகைமீது மதிப்பு அதிகம். வெற்றியின் மறுநாள் கொடுக்கப்படும் நீட்டிப்பில் கொடுப்பவருக்கு எந்தத் துணிவும் தேவைப்படுவதில்லை.

அந்தத் துணிவை நம் சென்னையின் எஃப்சி ஒருமுறை காட்டியது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தமிழ்நாட்டு ரசிகர்களின் சொந்தக் கதை.

மார்க்கோ மாட்டராசி பயிற்சியாளராக இருந்த 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது, அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடி, பிறகு கோவாவில் கடைசி நிமிடத்தில் ஸ்டீவன் மென்டோசா அடித்த கோலால் கோப்பை வென்ற அணி அது. அடுத்த ஆண்டு ஏழாம் இடம், மாட்டராசி போனார். 2017இல் ஜான் கிரிகரி வந்தார். ஆஸ்டன் வில்லாவின் பழைய பயிற்சியாளர். முதல் பருவத்திலேயே, 2018 மார்ச் 17 அன்று, பெங்களூர்க் கண்டீரவா மைதானத்தில், லீக்கில் முதலிடம் பிடித்திருந்த பெங்களூரு அணியை அதன் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் 3-2 என்று வீழ்த்தினார்கள். ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி கோல் அடித்துவிட்ட ஆட்டம். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி அடித்தார். அதை இன்றும் பேசாத சென்னை ரசிகர் இல்லை. கிரிகரி தொடர்ந்தார், அனைவருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த பருவம், 2018-19. பதினெட்டு ஆட்டம், இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, பத்து அணிகளில் பத்தாம் இடம். நடப்பு வாகையர் கடைசி இடத்தில். எந்த அணியும் பயிற்சியாளரை மாற்றியிருக்கும். சென்னை மாற்றவில்லை, அடுத்த பருவத்துக்கும் கிரிகரியையே வைத்துக்கொண்டது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு நேரு விளையாட்டரங்கத்தின் இருக்கைகளில் முரசடித்த ரசிகர்களுக்குள் இது சரியா என்ற விவாதம் இருந்தது. புதுக்கோட்டையிலிருந்து காலையில் பல்லவனில் ஏறிப்போய் மாலை ஆட்டம் பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் திரும்பும் மாணவர் இருவர் எனக்குத் தெரியும். ஒருவன் கிரிகரி கட்சி, மற்றவன் எதிர்க்கட்சி. திரும்பி வருகிற ஏழெட்டு மணி நேரமும் அந்தப் பேருந்தில் பிறர் உறங்கியிருக்க வாய்ப்பில்லை.

முடிவு என்னவாயிற்று என்றால், 2019-20இன் முதல் ஆறு ஆட்டத்தில் ஒரு வெற்றிதான். நவம்பர் 30 அன்று கிரிகரி விலகினார். உடனே வந்த ஓவன் காய்ல், அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் பார்வையாளரே இல்லாத பாத்தோர்தா மைதானத்தில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றார்கள். ஆக, கிரிகரியை வைத்துக்கொண்டது தவறு என்றுதான் புள்ளிவிவரம் தீர்ப்புச் சொல்லும். நான் அந்தத் தீர்ப்பை ஏற்கிறேன். இருந்தாலும், தோற்ற மனிதருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த நிர்வாகத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. ஸ்டிமாச் விவகாரத்தில் இருந்ததைவிட அதில் நேர்மை கூடுதலாக இருந்தது. எல்லாத் தரவும் கண்முன்னால் கிடக்க, தெரிந்தே எடுத்த முடிவு அது.

காய்லின் கதைதான் இன்னும் சுவையானது. இறுதியாட்டம் முடிந்த சில மாதங்களில் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். சென்னை ரசிகர்களுக்கு ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லி முடியாது. ஆனால் இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். முப்பத்து மூன்று ஆண்டு கழித்து அந்தச் சிற்றூர் அணியை 2009இல் முதல் பிரிவுக்கு உயர்த்தியவர் அவர். செல்டிக் அணி அழைத்தபோது மறுத்துவிட்டுப் பர்ன்லியிலேயே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஊரே கொண்டாடியது. ஏழு மாதத்தில், 2010 ஜனவரியில், பக்கத்து ஊர்ப் போல்டனுக்குப் போனார். யூதாசு என்று அவரை ஏசினார்கள். அந்தப் பருவ முடிவில் பர்ன்லி கீழே இறங்கியது. ஜாம்ஷெட்பூருக்கும் 2021-22இல் லீக் கேடயத்தை வென்று கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். பிறகு 2023இல் சென்னைக்கே திரும்பி வந்தபோது நம் ரசிகர்கள் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். முதல் பருவத்தில் ஆறாம் இடம், அடுத்த பருவத்தில் பதினோராம் இடம். 2025இல் பிரிந்தார், கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். இத்தனைக்குப் பிறகும் காய்லைத் திட்டும் சென்னை ரசிகரை நான் அதிகம் பார்த்ததில்லை. ரசிகர்களுக்கு நன்றியுணர்வு இல்லை என்று சொல்லும் என் நண்பர் இதற்கு என்ன விளக்கம் தருவாரோ தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியாளரின் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்காக இவ்வளவு ஆர்வப்படும் இளைஞர்களில் பலர், நாளை என் போன்ற வேலைக்கு வரும்போது என்ன ஒப்பந்தம் கிடைக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்குப் பதினோரு மாதச் சம்பளத்தில் பாடம் நடத்துகிறார்கள். பன்னிரண்டாவது மாதத்தில் அவர்களுக்குக் கௌரவம் மட்டும் உண்டு. அவர்களை அனுப்ப நான்கு லட்சம் டாலர் தேவையில்லை. ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. பிரிவுக்கு விலையே இல்லாத ஒப்பந்தத்தில் வாழ்பவர்கள், பிரிவுக்குக் கோடிகள் எழுதப்பட்ட ஒப்பந்தத்தைக் கொண்டாடுகிறார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தமக்குக் கிடைக்காத நிலைத்தன்மையைத் தாம் நேசிக்கும் ஒன்றுக்காவது கிடைக்கட்டும் என்று ஆசைப்படுவதில் என்ன பிழை?

2025 ஜூலையில் அந்த ஆசையின் அடித்தளமே ஆடியது. கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலிருந்த உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்ததால், புதிய பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. அணிகள் ஒவ்வொன்றாகச் செயல்பாட்டை நிறுத்தின, சென்னையும் நிறுத்தியது. பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் கையில் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். யார் எத்தனை ஆண்டுக்குக் கையெழுத்திட்டார் என்று பட்டியல் போட்டுக் காத்த ரசிகர்கள், யாருமே கவனிக்காத அந்த ஒரு ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கும் இந்தியா தகுதிபெறாமல் போனது.

ரசிகர்களுக்கு ஒப்பந்தங்களில் கையெழுத்து உரிமை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்றே நினைக்கிறேன். 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், அரசுப் பணம் பெறும் விளையாட்டு அமைப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நாட்டு அணியின் பயிற்சியாளருக்கு அடுத்த நீட்டிப்பு அறிவிக்கப்படும் நாளில், இலக்கு என்ன, இடையில் மதிப்பீடு எப்போது, பிரிந்தால் எவ்வளவு, அவர் இருக்கப்போகும் ஆண்டுகளில் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு எத்தனை ஆட்டம் ஏற்பாடாகியிருக்கிறது என்று கேட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பலாம். கட்டணம் பத்து ரூபாய். விமானத்தை வாடகைக்கு எடுப்பதைவிட மலிவு. பேருந்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்த அந்த இருவரிடமும் இதைச் சொன்னேன். ஒருவன் உடனே வெள்ளைத்தாள் கேட்டான். மற்றவன், முதலில் நீட்டிப்பு வரட்டும் ஐயா, கொண்டாடிவிட்டுக் கேட்போம் என்றான்.